ஊர்ப்பெயர் இல்லாத நாகம்

ஆனைக்குட்டம் அணைக்கு மேற்கே, உடைமரம் அடர்ந்த கரம்பு நிலத்தில், ஒரு நல்லபாம்பு தன் முட்டைகளைக் காத்துக் கிடந்த செய்தி மானிடருள் தேவமணி ஒருவருக்கே தெரியும். அவர் சிவகாசிப் பள்ளியொன்றில் விலங்கியல் ஆசிரியர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேதப்புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, நீண்ட லென்சு மாட்டிய கேமராவோடு காடு புகுவார். கல்லைப் புரட்டார், கம்பால் சீண்டார். பாம்பு தலை நிமிர்த்தினால், அழையா வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர்போல் நாணிப் பின்வாங்குவார். இருப்பிடத்தை எவரிடமும் உரையார். உரைத்தால் அடிக்க ஒரு கூட்டம் வரும், அன்றேல் கும்பிட ஒரு கூட்டம் வரும். எது வந்தாலும் தாய் வெருண்டோடும், முட்டைகள் மிதிபடும்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. நால்வகை நச்சுப்பாம்புகளும் காலண்டரில் வரவேண்டும்; கடிபட்டவர் மந்திரிக்கப் போகாமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும் என்று படத்தின் கீழே ஒரு வரி வேண்டும். அவ்வாசையே அவரை இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆனி மாதத்தில், எடுத்த படங்களோடு அச்சக அதிபர் இராமகிருஷ்ணனிடம் கொண்டு சேர்த்தது. ஆடிப் பதினெட்டுக்குள் அடுத்த ஆண்டின் மாதிரிக் காலண்டர் ஆல்பம் ஏஜெண்டுகள் கைக்குப் போயாக வேண்டிய பரபரப்பான நாள்கள் அவை.

“கண்ணாடிவிரியனை எவன் சார் நடுவீட்டுல மாட்டுவான்? பொண்ணு பார்க்க வந்தவுக காப்பி குடிக்காம எந்திரிச்சுப் போயிருவாக” என்றார் இராமகிருஷ்ணன். கட்டுவிரியன் பழங்கயிறு போலிருக்கிறதென்று கழிக்கப்பட்டது. சுருட்டைவிரியனைக் கண்டதும் முகம் சுளித்தார். “நல்லபாம்பு மட்டும் இருக்கட்டும். ஆனா இப்பிடிச் சுருண்டு படுத்திருக்கே? ஒரு வெடிச்சரத்தைக் கொளுத்திப் போட்டிருந்தா எந்திரிச்சுப் படம் விரிச்சிருக்கும்லா?”

“முட்டையோட இருக்கு அண்ணாச்சி. தரை அதிர்ந்தாலே பயந்துரும்.”

“அதுக்கா பயம்? நல்லா இருக்கே கதை!”

கம்ப்யூட்டர் அறையில் பெனாசிர் என்னும் வடிவமைப்பாளர் அந்த அச்சத்தை அரைமணி நேரத்தில் நீக்கினாள். உறங்கிய பாம்பு எழுந்தது. அதற்குத் தலைகள் ஐந்தாயின. பின்னே ஒளிவட்டம் சுழன்றது. “கோவிச்சுக்கிறாதீக சார். மூணு தலைதான் வச்சேன், அண்ணாச்சிதான் பத்தலைன்னுட்டாக.”

“மருத்துவமனை வரி எங்கம்மா?”

“அங்கன நகைக்கடை பேரு வருது சார்.”

இத்தனையும் பொறுத்த தேவமணி, அடுத்த வினாவில் திடுக்கிட்டார்.

“எந்த ஊருல எடுத்தீக?” என்று கேட்டார் இராமகிருஷ்ணன். காலண்டர்த் தொழிலில் தெய்வப்படத்தின் கீழே தலத்தின் பெயர் இருந்தாக வேண்டும். “ஊர் இல்லாத சாமி ஓடாது சார்.”

“சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. படத்தைத் திருப்பிக் குடுத்துருங்க.”

“படத்துக்கு அச்சுப் பிளேட்டு போட்டாச்சே! சரி, சொல்லாட்டிப் போங்க. நம்ம பின்கட்டுல, கழிவுத்தாள் கொட்டகை ஓரமா ஒரு கறையான் புத்து கெடக்குல்லா? அதையே போட்டுருவோம். நாரணாபுரம் ரோடு, அருள்மிகு நாகம்மன்.”

ஆல்பம் ஊரெங்கும் போனதும், ஆடி வெள்ளியன்று அருள் பெருகிற்று. பால் செம்பும் முட்டையுமாகப் பெண்கள் அச்சகத்துக்குள் திரண்டனர். எந்திரத்தைத் தொடுமுன் கால் கழுவ வேண்டுமென்று தொழிலாளர் விதி வகுத்தனர். ஆர்டர்கள் தேங்கின. அதிபர் ஒரு கண்ணால் பக்தியும் மறுகண்ணால் கடிகாரமும் பார்த்தார். தகவலறிந்து தேவமணி ஓடிவந்தார்.

காலண்டரின் மேல்விளிம்பில் தகரப்பட்டை அடிக்கும் மூக்கம்மாள் அவரை வழிமறித்தாள். “சார், இம்புட்டு வருசமா இந்தப் பொந்தைத் தாண்டித்தான் சோத்து வாளியைக் கொண்டு போறேன். ஒரு உரிச்ச சட்டைகூடக் கண்டதில்ல. நெஞ்சுல கைவச்சுச் சொல்லுங்க, இங்கனதான் எடுத்தீகளா?”

ஆம் என்றால் பொய்ச்சாட்சி; ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு அவர் போதிக்கும் கட்டளை அழியும். இல்லை என்றாலோ அடுத்த கேள்வி எங்கே என்பது. அக்கரம்பில் தாயும் முட்டைகளும் அவர் கண்முன் நின்றன.

“கிட்டப் போகாதீக தாயி” என்றார். “பத்தடி தள்ளி நின்னு பாருங்க. பால் ஊத்தாதீக, பாம்பு பால் குடிக்காது. அது இருக்குற எடத்தை யார்கிட்டயும் சொல்லாதீக.”

ஒரு சொல்லும் பொய்யில்லை. கூட்டம் அதை அருள்வாக்காகக் கொண்டது. மூக்கம்மாளே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அதான பார்த்தேன், சாருக்கு உத்தரவு ஆகியிருக்கு!” புற்றைச் சுற்றிப் பத்தடி தள்ளிக் கயிறு கட்டப்பட்டது. உயிருள்ள எந்தப் பாம்புக்கும் இதுவரை எவரும் தராத மரியாதை, கறையான் மட்டுமே குடியிருந்த அப்புற்றுக்குக் குறைவறக் கிடைத்தது.

மறு ஞாயிறு அவர் கேமராவோடு தெருவில் இறங்கியதும், பின்னால் நான்கு மோட்டார் சைக்கிள்கள் கிளம்பின. உத்தரவு பெற்றவர் அடுத்து எங்கே போகிறார் என்று அறிய, ஏஜெண்டுகளும் பக்தர்களும் விழித்திருந்தனர். முட்டைகள் பொரிய வேண்டிய வாரம் அது. விரலளவே தடித்த குட்டிகள் ஓட்டைக் கிழித்துத் தலைநீட்டும் காட்சிக்காக அவர் ஐந்து ஆண்டு காத்திருந்தார்.

முக்குரோட்டில் வண்டியைச் சிறிது நிறுத்தினார். பின்னால் வந்தவர்களும் பணிவோடு நிறுத்தினர். தேவமணி ஆனைக்குட்டத்துக்கு முதுகைக் காட்டி ஆலங்குளம் சாலையில் திரும்பினார். வெயிலில் காய்ந்த சுண்ணாம்புக்கல் மேட்டில் ஓர் ஓணான் தலையாட்டிக்கொண்டிருந்தது. தள்ளி நின்று, மண்டியிட்டு, அதை மாலைவரை படமெடுத்தார்.

பின்னே நின்றவர்கள் செருப்பைக் கழற்றினார்கள்.