கொடிமரத்துக்கு நான்கு முழம்

வைசாகித் திருநாள் விடிந்ததும் ஊர்க் குருத்வாரா முற்றத்தில் கொடிமரத்தை இறக்கிக் கிடத்தினார்கள். பழைய ஆடையை உருவி, தயிரும் தண்ணீரும் விட்டுக் கழுவி, நசீப் கௌர் தைத்த காவி ஆடையை நுனியிலிருந்து மாட்டிக்கொண்டே வந்தார்கள்.

சீக்கிய குரு ஒருவர் ஒருமுறை குதிரைக்குத் தண்ணீர் காட்ட இறங்கிய இடம் அது என்பது ஊர் நம்பிக்கை. அந்தக் கொடிமரத்துக்கு ஆடை தைக்கும் பேறு ஆண்டுக்கு ஒரு வீட்டுக்குத்தான். சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். கணவனை இழந்த நசீப்புக்குப் பதினோரு ஆண்டு காத்திருந்த பிறகு இம்முறை கிடைத்தது. சென்ற ஐப்பசியில் பெயர் வந்த அன்றே துணி எடுத்து, அப்போதிருந்த ஆடையின் அளவுக்கு வெட்டித் தைத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

ஆடை அடிவரை எட்டவில்லை. நான்கு முழம் வெறுமையாகக் கிடந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மார்கழிப் புயலில் பழைய மரம் முறிந்தபின், குருத்வாரா செயலாளர் ஜர்னைல் சிங்கின் தம்பி கனடாவிலிருந்து பணம் அனுப்பி நட்ட மரம் இது. உயரம் அதிகம். நட்ட அன்று எல்லோருக்கும் தேநீர் ஊற்றியவளே அவள்தான்.

"தப்பு என்னுதுதான் பாபாஜி," என்றாள் பூசகர் கேஹர் சிங்கிடம். "தையல்ல ஒரு குறை சொல்ல முடியாது. அளவுல கோட்டை விட்டுட்டேன்."

"விடும்மா," என்றார் ஜர்னைல் சிங். "இந்த மரத்து அளவுக்கே அமிர்தசரஸ்ல வாங்கின பட்டு ஆடை என் கார்ல இருக்கு. அத மாட்டிடலாம்."

நசீப் கொடிமரத்தை விட்டு நகரவில்லை. "கொஞ்சம் பொறுங்கண்ணா. நாலு முழத் துணி இந்த ஊர்ல இல்லாமயா போயிடும்?"

பெண்கள் பக்கமிருந்து அவள் ஓரகத்தி பச்சன் கௌர் எழுந்து வெளியே நடந்தாள். சாக்கடைத் தண்ணீர் யார் வாசலில் ஓடுவது என்ற சண்டையில் இருவரும் பேசி மூன்று வருடம். "போறா பாரு, சந்தோஷத்துல இனிப்பு வாங்க," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பச்சன் திரும்பியபோது கையில் மடிப்புக் கலையாத காவித் துணி.

"என்ன பாக்குற? ஊசியாவது இருக்கா, அதுவும் நான்தான் கொண்டு வரணுமா?"

"இது சீட்டுல ஒங்க முறை வந்தா தைக்க வச்சிருந்ததாச்சேக்கா."

"முறை வரும்போது வேற வாங்கிக்கறேன். கடைக்காரன் ஊரை விட்டா ஓடிட்டான்?"

ஜர்னைல் சிங் தயங்கினார். "குருவுக்கு ஒட்டுப் போட்ட துணியா?"

பாபா சிரித்தார். "இங்க நம்ம பொதுச் சமையலுக்கு எத்தனை வீட்டு மாவு வருது? ஒவ்வொருத்தர் மாவையும் தனியாவா ரொட்டி சுடுறோம்? தைக்கட்டும்."

கொடிமரத்துக்கு இருபுறமும் உட்கார்ந்து இருவரும் தைத்தார்கள்.

"அக்கா, ஒங்க தையல் கோணுது."

"மூணு வருஷம் கழிச்சு வாயத் தொறந்தா, குத்தம் சொல்லத்தான் தொறப்பியா?"

நசீப்புக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. முடிச்சுப் போட்டு நூலை அறுத்தவள், "ஒங்க துணி கீழ போயிடுச்சேன்னுதான்..." என்று இழுத்தாள்.

"எல்லாரும் நெத்திய எங்கடி வச்சுக் கும்பிடறாங்க? அடியிலதானே. எனக்கொண்ணும் நஷ்டமில்ல. எழுந்திரு, கயிறு பிடிக்க ஆள் கூப்பிடறாங்க."

இருவரும் ஒரே கயிற்றைப் பிடித்தார்கள். ஊர் முழக்கமிட, மரம் தலை முதல் அடிவரை ஆடையோடு எழுந்தது.