முப்பத்தொன்றும் இருபத்தொன்பதும்

வழக்கமாக ஊரில் காக்கஸ் என்ற கட்சிக் கூட்டத்தை நடத்துகிறவர் பனியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். அதனால் அந்த ஜனவரி மாலை, பள்ளிப் பேருந்து ஓட்டும் லவோன், பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் மைக்கும் கையுமாக நிற்கவேண்டியதாயிற்று.

கட்சியின் அதிபர் வேட்பாளராக யார் வரவேண்டும் என்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாக்குச்சீட்டுப் போடுவதில்லை. பிடித்தவரின் பெயர்ப் பலகைக்குக் கீழே போய் நிற்பார்கள். வந்தவர்கள் அறுபத்தொரு பேர். ஆளுநர் ஹாலட்டுக்கு இருபத்தொன்பது, செனட்டர் பிரிஸ்கோவுக்கு இருபத்துநான்கு, மேயர் குவேடுக்கு எட்டு. பத்துப் பேர் சேராத அணி கலைந்துவிட வேண்டும். அந்த எட்டில் ஒருவன் லவோனின் கணவன் மெர்ல்.

பக்கத்து வீட்டுக் கோரீன் ஹாலட் அணியிலிருந்து கூப்பிட்டாள். "மெர்ல், இங்க வாயேன். ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்திருக்கேன்."

"நான் குவேடுக்காக வந்தவன். எனக்கு ரெண்டாவது ஆள் கிடையாது."

"அப்ப உன் ஓட்டு வீண்தான்."

"இருக்கட்டும். என் ஓட்டுதானே?"

அவன் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான். மற்றவர்களில் ஐவர் பிரிஸ்கோ பக்கமும் இருவர் ஹாலட் பக்கமும் போனார்கள். ஹாலட்டுக்கு முப்பத்தொன்று, பிரிஸ்கோவுக்கு இருபத்தொன்பது. கட்சி மாநாட்டுக்கு ஊர் அனுப்பும் பிரதிநிதிகள் நான்கு பேர்; அவர்களைத் தலைக்கணக்குப்படி இரு அணிக்கும் பிரிக்கவேண்டும். லவோன் மூன்று முறை கணக்குப் போட்டாள். ஆளுக்கு இரண்டுதான் வந்தது.

"எங்க பக்கம் ரெண்டு பேர் அதிகமா இருந்தும் சமமா? என்னடி கணக்கு இது?" என்று கோரீன் பாய்ந்தாள். "உன் புருஷன் மட்டும் வந்திருந்தா மூணு கிடைச்சிருக்கும்!"

மெர்லின் காதுகள் சிவந்தன. வண்டியைக் கிளப்ப வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலை இருவரும் ஓட்ஸ் கஞ்சியோடு வானொலி கேட்டார்கள். மாநிலம் முழுக்க ஹாலட்டுக்குத் தலைகள் அதிகம், பிரிஸ்கோவுக்குப் பிரதிநிதிகள் அதிகம். இரு வேட்பாளர்களுமே வெற்றிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப ஜெயிச்சது யாரு?"

"தெரியல."

"நீதானே கூட்டத்தை நடத்தினே?"

"நடத்தினதாலதான் தெரியல."

"மத்த மாநிலம் மாதிரி சீட்டைப் போட்டுட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம்."

"பேசி ஒருத்தரை ஒருத்தர் மாத்தத்தானே கூடுறோம், மெர்ல்?"

"என்னை யாரு மாத்தினா?" அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "கோரீன் சொன்னது நிஜமா? என்னாலயா போச்சு?"

லவோன் ஒரு கடித உறையின் பின்புறத்தில் முப்பத்திரண்டு என்று எழுதி வகுத்துப் பார்த்தாள்.

"நீ போயிருந்தாலும் ரெண்டுதான்."

மெர்லின் முகம் தெளிந்தது. அடுத்த நொடியே வாடியது. "பிரிஸ்கோ பக்கம் போயிருந்தா?"

"அப்பவும் ஆளுக்கு ரெண்டுதான்."

"அப்ப நான் எங்க நின்னா என்ன?"

ஆறுதல் சொன்னோமா, குத்திக்காட்டினோமா என்று அவளுக்கே புரியவில்லை. கோரீனுக்காவது சொல்லிவிடலாம் என்று தொலைபேசியை எடுத்தாள்.

"நீ தப்பாப் போட்டிருப்பே. இன்னொரு தடவை போட்டுப் பாரு," என்று கோரீன் வைத்துவிட்டாள்.

லவோன் உறையைத் திருப்பி வைத்துக்கொண்டு, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.