வெள்ளையின் மேல் பச்சை

சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி அரியூர் நாடு வந்து சேர்வதற்குள் பாப்பாயியின் இடது கை வீங்கிவிட்டது. முழங்கைக்குக் கீழே தோல் இறுகிப் பளபளத்தது. ஊசி இறங்கிய இடமெல்லாம் மஞ்சள் நீர் கட்டி நின்றது. அதில் ஈ உட்கார்ந்தது. விரட்டினால் கொஞ்சம் பறந்து திரும்பவும் அங்கேயே வந்தது.

முன்னால் நடந்த அப்பன் சென்றாயனுக்கு எதுவும் தெரியாது. அவன் திரும்பும்போதெல்லாம் பாப்பாயி மிளகு கொண்டுபோன துணிப்பையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

அவளுக்குப் பதினைந்து வயது. அந்தக் கையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை விழுந்திருந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை, நிறம் மட்டும் இல்லை. மலைப் பெண்கள் சேலையை மார்புக்கு மேல் சுற்றிக் கட்டுவார்கள், ரவிக்கை கிடையாது. மறைக்க வழியில்லை. ஓடையில் அவள் குடம் மொண்டு எழுந்தால், அடுத்தவள் கொஞ்சம் தண்ணீர் ஓடிப் போகட்டும் என்று நிற்பாள்.

அவளை மருமகளாக எடுக்க இருந்த அத்தை பெருமாயி அதை வாய்விட்டே சொன்னாள்.

"அந்தக் கையப் பாத்தா எனக்குச் சோறு எறங்காது கண்ணு. பல்லி வயிறு மாதிரி இருக்குது."

பாப்பாயி சுவரில் பல்லியைத் தேடிப் பார்த்தாள். அத்தை சொன்னது சரி. அதற்குப் பிறகு அவளும் கையைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள்.

அது உலகச் சண்டைக்காலம். சந்தையில் அரிசி இல்லை, ஆனால் மிளகு விற்றது. முந்தின நாள் சேந்தமங்கலத்தில் அமீர் ஹம்சா ராவுத்தர் கடையில் அப்பன் எடைக்குக் காத்திருந்தபோது, பாப்பாயி பச்சை குத்துகிறவள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

கொல்லிமலைக்காரர்கள் பச்சை குத்திக்கொள்வதில்லை. பச்சை உள்ளவர் யாராக இருந்தாலும் வாசலோடு சரி. உள்ளே வந்தால் சாமி ஆகாது. பாப்பாயிக்கும் இது தெரியும். ஆனால் அவள் அறிந்த பச்சை தேளும் கோலமும்தான். தோல் நிறத்துக்கு நிரப்பிவிட்டால் அது எப்படிப் பச்சை ஆகும்?

"கோலம் வேண்டாமுங்க. இந்த வெள்ளைய மட்டும் மூடிருங்க."

"என்ன நெறத்துல?"

"என் நெறத்துல."

பச்சை குத்துகிறவள் சிரித்தாள். "ஆறினா வந்துரும். பல்லக் கடிச்சுக்க."

அவள் நிறம் வரவில்லை. பாசி பிடித்த கல்லின் நிறம் வந்தது.

வீட்டு வாசலில் துணியை அவிழ்த்ததும் அம்மா அத்தாயி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வராத சாமி. அங்கயே நில்லு."

"இது பச்சை இல்லம்மா. படமே இல்ல பாரு."

அம்மா பார்க்கவில்லை. வாடை அடித்தது. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

பாப்பாயி ஆட்டுக் கொட்டாயில் படுத்தாள். ஆட்டுப் புழுக்கையின் நாற்றத்தைவிடக் கையின் நாற்றம் அதிகம். சீழ் வழிந்து முழங்கையில் காய்ந்தது. தன் கையை யாரோ கழற்றிக் கொண்டுபோனால் தேவலை என்று நினைத்தாள்.

புண் வற்றியதும் ஊர்க்கவுண்டர் வழி சொன்னார். பச்சையை எடுத்துவிட்டால் தீட்டுக் கழித்து உள்ளே சேர்க்கலாம். வண்ணார் துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டையின் பால் தோலை வேகவைத்துவிடும். அப்பன் அதைத் தேடிக் கொண்டுவந்தான்.

அத்தைதான் வைத்தாள். ஒரு மூலையில் மட்டும், பார்ப்பதற்காக. பாப்பாயியின் மணிக்கட்டை முழங்காலுக்கு அடியில் அழுத்திக்கொண்டாள். எருமைக்குச் சூடு போடுகிறவள் போல அவள் முகத்தில் கவனம் மட்டுமே இருந்தது. தோல் கறுத்துக் கொப்பளித்து உடைந்தது. கரைந்த பச்சையும் சீழும் சேர்ந்து நூலாக ஒழுகியது. அப்பன் எழுந்து போய் வேலியோரம் வாந்தி எடுத்தான்.

அது ஆற வெகுநாள் பிடித்தது. பொருக்கு உதிர்ந்தபோது அடியில் புதுத்தோல் இருந்தது. வெள்ளையாக. பழைய வெள்ளையின் எல்லையைத் தாண்டி, நல்ல தோலுக்குள்ளும் பரவியிருந்தது.

பெருமாயி வந்து கையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"பாத்தியா தம்பி, சுத்தமாப் போயிருச்சு. மிச்சத்தையும் இன்னைக்கே வச்சுட்டா மாசி போறதுக்குள்ள கல்யாணம் வைக்கலாம். என் பையன் அர்த்தனாரிகிட்டயும் சொல்லிட்டேன்."

"வெள்ளையாத்தான் இருக்குதுங்க அத்தை" என்றாள் பாப்பாயி.

"இருந்துட்டுப் போகுது. வெள்ளை ஊட்டுக்குள்ள வரும். பச்சை வராதே."

"சோறு எறங்காதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"எறங்காட்டி என்ன, கண்ண மூடிக்கிட்டுத் திங்கறேன். உனக்கு ஒருத்தன் கெடைக்கறதே பெருசு. கையக் குடு."

பெருமாயி கையை நீட்டினாள். நகக் கண்ணில் வெற்றிலைக் கறை, அதற்கடியில் அழுக்கு. விரல்கள் ஆசையாக அசைந்தன. பாப்பாயிக்கு அருவருத்தது. இந்த முறை தன் கையைப் பார்த்து அல்ல.

சேங்கொட்டைப் பால் இருந்த சிரட்டையை எடுத்துச் சாணிக் குழியில் கவிழ்த்தாள்.

பெருமாயி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு, "அழுகிப் போனது கை இல்ல தம்பி, உம்மவ புத்தி. என் பையனுக்கு வேற எடம் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அப்பன் குழியையே பார்த்துக்கொண்டு நின்றான். "அத மறுபடி தேடிக் கொண்டாரணும்."

"வேண்டாமுங்கப்பா."

"அப்ப ஊட்டுக்குள்ள வரவே முடியாதே கண்ணு."

"தெரியுமுங்க."

அம்மா வாசற்படிக்கு உள்ளே நின்று அழுதாள். பாப்பாயி அவளிடம் ஒரு சட்டியும் கொஞ்சம் சாமை அரிசியும் கேட்டாள். தனியாகப் பொங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

அம்மா சட்டியின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து நீட்டினாள். பாப்பாயி இடது கையால் வாங்கினாள். பச்சையும் வெள்ளையும் வடுவுமாக இருந்த அந்தக் கை அம்மாவின் விரலில் உரசியது. அம்மா சட்டென்று விரலைச் சேலையில் துடைத்தாள். மகள் பார்ப்பது தெரிந்து பாதியில் நிறுத்தினாள்.

"தொடச்சுக்கம்மா" என்றாள் பாப்பாயி.

கொட்டாய் ஓரம் கல் கூட்டி, சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். விறகு ஈரம். குனிந்து ஊதிக்கொண்டே இருந்தாள்.