மூன்றாவது பெட்டிக்கு அளவு

நான் சவப்பெட்டிக் கடைக்காரி. இதைக் கேட்டு யாராவது முகத்தைச் சுளித்தால் நான் வருத்தப்படுவதில்லை. சுளித்தவர்கள் வீட்டிலிருந்தும் ஒருநாள் என்னிடம்தான் ஆள் வரும். என் பெயர் இருதயமேரி. புதுச்சேரி ரயிலடிக்குப் போகும் தெருவில் என் வீட்டுக்காரர் ஆரம்பித்த கடை இது. அவர் போன பிறகு நான் நடத்துகிறேன். தச்சு வேலைக்கு சூசை இருக்கிறார். என் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியதால் என்னை அண்ணி என்பார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முன்கூட்டியே பெட்டி செய்து வைக்க மாட்டோம். ஒருவர் இறந்துபோனால் அந்த வீட்டிலிருந்து ஒரு கயிறு வரும். தலையிலிருந்து கால்வரை அளந்து முடிச்சுப் போட்ட கயிறு. அது கைக்கு வந்த பிறகுதான் சூசை பலகையில் ரம்பத்தை வைப்பார். யாருடைய அளவும் இல்லாமல் செய்த பெட்டி காலியாகக் கிடந்தால் அது ஆளைக் கூப்பிடும் என்பார்கள். நான் அதை நம்புகிறேனா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரியில் கிடக்கும் புருஷனுக்கும் பிள்ளைக்கும் சோறு கொண்டுபோகிற பெண்கள் என் கடை வழியாகத்தான் போகிறார்கள். அவர்கள் கண்ணில் ஒரு காலிப் பெட்டி படக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் கடை வாசலில் எதுவும் இருக்காது. உள்ளே மாம்பலகை அடுக்கியிருக்கும், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தபோது ஓர் உத்தரவு போட்டார்கள். வெள்ளைக்காரன் மேல் எனக்குப் பாசம் ஒன்றும் கிடையாது, அவனும் வரி என்று உருவிக்கொண்டுதான் இருந்தான். இது வேறு விதமான தொல்லை. ஊரில் அரிசியையும் மண்ணெண்ணெயையும் பதுக்குகிறார்களாம். அதற்காக எல்லாக் கடைக்காரர்களும் தாங்கள் விற்கும் பொருளில் மூன்றையாவது தெருவில் போகிறவர் பார்வைக்கு வைத்து, விலைப்பலகை மாட்ட வேண்டும். தவறினால் லைசென்ஸ் கிடையாது. பதுக்கியவன் எவனோ, மாட்டிக்கொண்டது நாங்கள்.

கண்ணாடி அலமாரி வைத்திருக்கிற பெரிய கடைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. முடிவெட்டுகிற சாமிக்கண்ணு எதை எடுத்து வாசலில் வைப்பான்? வாடகை சைக்கிள் கடை பாவாடையிடம் இருப்பதே நாலைந்து சைக்கிள். அதில் மூன்றைப் பார்வைக்கு நிறுத்திவிட்டால் அவன் எதை வாடகைக்கு விடுவான்? எங்கள் தெருவில் குஷியாக இருந்தது எதிர்க்கடை தெய்வசிகாமணி ஒருவர்தான். அவருடையது கல்யாணப் பாத்திரக் கடை. உத்தரவு வருவதற்கு முன்பே குடமும் அண்டாவும் வாசலை அடைத்துக்கொண்டுதான் இருந்தன.

முதல் தடவை வந்த இன்ஸ்பெக்டர் தேவதாஸ் கடலூர்ப் பக்கத்துக்காரர். என் தம்பி வயது இருக்கும். பாவாடையின் வாடகை சைக்கிளில்தான் வந்து இறங்கினார்.

"இந்தாம்மா, இது கடையா, விறகுத் தொட்டியா? ஒரு சாமானும் காணமே."

"பெட்டிக் கடை சார். சாவு விழுந்தாத்தான் சாமான் செய்வோம்."

"அதெல்லாம் உத்தரவுல இல்ல. திங்கக்கிழமை வருவேன். மூணு பெட்டி வாசல்ல இருக்கணும், வெலை எழுதி மாட்டியிருக்கணும். இல்லன்னா கடைய மூடிட வேண்டியதுதான்."

நான் அவருடைய ஆபீசுக்கே போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டார். கயிறு, அளவு, சோறு கொண்டுபோகிற பெண்கள் எல்லாவற்றையும் சொன்னேன். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்றார். "அத எழுதறப்ப எங்கள மாதிரி கடைங்க ஞாபகத்துக்கு வரலீங்களா?" என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "கஷ்டமா இருந்தா வேற தொழில் பாரும்மா. பொம்பளைக்கு இது என்ன தொழில்!"

அழுகை வரவில்லை எனக்கு. உடம்பு எரிந்தது. அப்பன் பெயர் தெரியாமல் ஆஸ்பத்திரியில் செத்துப்போகிற அனாதைகளுக்குக்கூட நல்ல பலகையில் பெட்டி செய்து கொடுத்த கடை அது. வேறு தொழில் பார்க்க வேண்டுமாம்.

திரும்பி வந்ததும் தெய்வசிகாமணி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்னா மேரியம்மா, ஆபீசுல என்னா சொன்னாங்க? சும்மா மொறைச்சிக்கிட்டு நிக்காதீங்க. சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் போங்க" என்றார்.

"கட்டுப்படத்தாங்க போறேன்" என்றேன்.

சூசையைக் கூப்பிட்டு வாசலுக்குப் பெட்டி செய்யச் சொன்னேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு அளவுக்கு அண்ணி?"

"யாரு அளவும் இல்ல. சும்மா செய்ங்க."

"அது மட்டும் என்னால ஆகாது. கைய வெட்டுனாலும் செய்ய மாட்டேன்."

பத்து ஆள் மிரட்டினாலும் சூசை அதில் அசைய மாட்டார் என்று எனக்குத் தெரியும். இந்த மனுஷன் ஒத்துக்கொள்ளாவிட்டால் திங்கட்கிழமை கடைக்குப் பூட்டு. ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"அப்ப என் அளவ எடுங்க."

சுவரோரமாகப் போய் நிமிர்ந்து நின்றேன். அந்தக் கயிறு உச்சந்தலையில் பட்டதும் எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. அவரை அளந்தபோது தலைமாட்டில் கயிற்றைப் பிடித்தவள் நான், கால்மாட்டில் சூசை. அந்த ஆபீஸ் மேசையை நினைத்துக்கொண்டு இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

என் பெட்டி முடிந்ததும் சூசை கயிற்றைத் தானே தன் தலையில் வைத்துக்கொண்டார். "ஒங்கள மட்டும் தெருவுல வைக்க முடியுமா அண்ணி? பக்கத்துல நானும் இருக்கேன்" என்றார். ஆக இரண்டு பெட்டி. திங்கட்கிழமை காலையில் இரண்டையும் வாசலில் தெருவைப் பார்க்க நிறுத்தினோம். விலைப்பலகையும் மாட்டினேன். ஒன்றில் 'இருதயமேரி அளவு', இன்னொன்றில் 'சூசை அளவு' என்று பெரிதாக எழுதி, கீழே விலையும் போட்டேன்.

ஆவணி மாதம், முகூர்த்த நாட்கள். எதிர்க்கடைக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்த ஒரு குடும்பம் வண்டியிலிருந்து இறங்கியது. கல்யாணப் பெண்ணின் அம்மா திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் மகள் கண்ணைக் கையால் பொத்தி, அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அடுத்து வந்தவர்கள் இறங்கக்கூட இல்லை. தெய்வசிகாமணி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னாம்மா அக்கிரமம் இது? உள்ள எடுங்க மொதல்ல!"

"சட்டத்துக்குக் கட்டுப்பட்டுட்டேங்க. நீங்கதானே சொன்னீங்க?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் தூக்குச்சட்டியோடு வந்த ஒரு பெண் பெட்டிகளைக் கண்டு அப்படியே நின்று, வந்த வழியே திரும்பி வேறு தெருவில் சுற்றிப் போனாள். அது மட்டும் என்னைக் குத்தியது. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவளை அந்தப் பெட்டிகளைப் பார்க்க வைத்தவர்களை மனசார வைதேன்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது தெருவே கூடியிருந்தது. அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பெட்டிகளைப் பார்த்தார், பலகையைப் படித்தார், என்னைப் பார்த்தார். வந்த வேலையை விடுகிற ஆள் இல்லை.

"ரெண்டுதானே இருக்குது? மூணு இருக்கணும்."

"மூணாவதுக்கு அளவு இல்லீங்க சார்."

"அளவு எதுக்கு? செய்ய வேண்டியதுதானே?"

"அளவில்லாம இந்தக் கடையில பெட்டி செய்ற வழக்கம் இல்ல. ஒண்ணு என்னோடது. ஒண்ணு அவரோடது. மூணாவதக் கேக்கறது நீங்க."

நான் அதோடு நிறுத்தியிருப்பேன். என் பின்னாலிருந்து சூசை கயிற்றோடு வந்தார். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டிராத மனுஷன். இன்ஸ்பெக்டர் எதிரில் போய் நின்று, கயிற்றின் ஒரு முனையை மரியாதையாகத் தூக்கினார்.

"சார், செத்த நேரா நில்லுங்க."

இன்ஸ்பெக்டர் பின்வாங்கினார். ஒரு செருப்பு கழன்றது. கூட்டத்தில் முதலில் சிரித்தவன் பாவாடை. பிறகு யாரும் அடக்கிக்கொள்ளவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. மாசச் சம்பளக்காரர், மேலே இருப்பவர் சொன்னதைச் செய்ய வந்தவர். ஆனாலும் விடவில்லை.

"வேணாம்னா வேணாம் சார். மூணாவது பெட்டிக்கு அளவு குடுக்க ஒங்க ஆபீசுல யாரு வர்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. நாங்க காத்திருக்கோம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருமுனைவரை போனார்.

அன்று மாலையே தெய்வசிகாமணி ஆபீசுக்கு ஓடினார். தன் வியாபாரம் படுத்துவிட்டதே என்று கத்தினாராம். மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு சொன்னார். "ஒங்க கடைக்கு மட்டும் விலக்கு குடுக்கச் சொல்லிட்டாங்கம்மா. பெட்டிய உள்ள எடுத்துருங்க."

தெய்வசிகாமணி மூச்சு விட்டார். சூசை பெட்டியில் கை வைத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"என் கடைக்கு மட்டுமா? சாமிக்கண்ணுவுக்கு? பாவாடைக்கு? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு ஒங்க பெரியவர்தான் சொன்னாரு சார். விலக்கும் அப்ப எல்லாருக்கும் ஒண்ணா வரட்டும். அதுவரைக்கும் என் பெட்டி இங்கதான் நிக்கும்."

"ஒங்க லைசென்சு போயிடும்மா" என்றார் அவர். மிரட்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டார்.

"போனா போவட்டும். படுக்க எனக்கு எடம் ரெடியா இருக்குது."

முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. தெய்வசிகாமணி என்னைத் திட்டினார், கெஞ்சினார். கடைசியில் சாமிக்கண்ணுவையும் பாவாடையையும் தானே அழைத்துக்கொண்டு ஆபீஸ் படியேறினார். எங்களோடு சேர்ந்து நிற்க அவருக்கு அவ்வளவு நாள் தேவைப்பட்டது. ஐப்பசி பிறக்கும் முன் உத்தரவைத் திருத்தினார்கள். அரிசிக்கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் மட்டும் பொருளைப் பார்வைக்கு வைத்தால் போதும் என்றார்கள். ஆரம்பத்திலேயே அப்படி எழுதியிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்?

பெட்டிகளை உள்ளே எடுத்தோம். சூசையின் பெட்டியைப் பிரித்துப் பலகையாக்கிவிட்டோம். என்னுடையதைப் பிரிக்கவிடவில்லை. கொஞ்ச நாளில் லைசென்ஸ் வந்தது. அதைத் தெருவில் போகிறவர் பார்வையில் படும்படி மாட்ட வேண்டும் என்று அடியில் அச்சடித்திருந்தது. சூசை சுவரில் அடிக்க ஆணி எடுத்தார். வேண்டாம் என்றேன். என் பெட்டியின் மூடியை வாசலுக்குக் கொண்டுவந்து நிமிர்த்தி வைத்து, அதில் லைசென்ஸை வைத்து அடிக்கச் சொன்னேன்.

நிமிர்த்தி வைத்தால் அது வெறும் பலகைதான். தூக்குச்சட்டியோடு போகிற பெண்களுக்கு அது என்னவென்று தெரியாது. வருஷா வருஷம் லைசென்ஸைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியும்.