வாலாம்பாள் வீட்டு உறைமோர்

வலியசாலைத் தெருவில் யார் வீட்டில் கடுகு வெடித்தாலும், அது எந்தக் கறிக்கு என்று விஜயத்துக்குத் தெரிந்துவிடும். சொந்தப் புருஷன் வயிற்றுக்குள் நடப்பது மட்டும் ஸ்கேன் எடுக்கும்வரை அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

நீலகண்டனின் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. ஒரு சொட்டு குடித்தறியாத மனிதர். அவருடைய அண்ணாவும் குடிக்காதவர்தான். இப்படித்தான் தொடங்கி, கல்லீரல் சுருங்கி, கண் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தார். அந்தக் கண்ணை விஜயம் மறக்கவில்லை. தம்பியோ ஆபீஸ் விட்டுச் சாலைக் கடைத்தெரு வழியாக வரும்போது, கையில் நேந்திரங்காய் வறுவலும் வாயில் அல்வாவும் இல்லாமல் வீடு திரும்பியதே கிடையாது.

டாக்டர் ரெம்யா பொறுமையாகத்தான் விளக்கினாள். குடலில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. கீரை, பயறு, வாழைத்தண்டு என்று போட்டால் நல்லவை பெருகும், கல்லீரலுக்குக் காவலாக நிற்கும். வறுவலும் சர்க்கரையும் போட்டால் வேறு கூட்டம் வந்து உட்காரும். வீட்டுத் தயிர் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதுவே மருந்தாகிவிடாது. இத்தனையிலும் விஜயத்தின் காதில் நின்றது தயிர் ஒன்றுதான்.

அன்று மாலையே கிண்ணத்தோடு பக்கத்து வீட்டு வாலாம்பாள் மாமியிடம் உறைமோர் கேட்கப் போனாள். மாமி தனிக்கட்டை. எண்பதைத் தாண்டியும் முருங்கைக்காய் போல ஒடிசலான உடம்பு. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தெருவை வேவு பார்ப்பதில் விஜயத்துக்கே மூத்தவள். இப்படி இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு சுருக்கமாக முடியுமா? விளக்கு வைக்கும் நேரம் கடந்துவிட்டது. விளக்கு வைத்தபின் எந்த வீட்டிலும் உறைமோர் கொடுக்க மாட்டார்கள். வீட்டில் இருப்பது அதோடு கூடப் போய்விடும் என்பார்கள். போவது லக்ஷ்மி என்றுதான் விஜயம் நினைத்திருந்தாள். மாமி சற்று யோசித்துவிட்டு ஊற்றிக் கொடுத்தாள்.

"போறதுன்னா போகட்டும்டி. இங்கே தனியா இருந்து என்னத்தைக் கண்டேன்."

மறுநாள் மாமி எழுந்திருக்கவில்லை. பெங்களூரிலிருந்து பிள்ளை வந்து, காரியங்களை முடித்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போனான். அந்த வீட்டிலிருந்து உயிரோடு மிஞ்சியது விஜயத்தின் கல்சட்டியில் உறைந்திருந்தது மட்டும்தான்.

தயிர் கட்டியாக, வாசனையாக இருந்தது. நீலகண்டன் ரசித்துச் சாப்பிட்டார். சில வாரங்களில் வறுவல் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது. எண்ணெய் நாற்றம் குடலைப் பிரட்டுகிறதாம். வாழைப்பூ உண்டா, முருங்கைக்கீரை உண்டா என்று கேட்க ஆரம்பித்தார். விஜயம் இதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

பிறகு மேஜையை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். வலது காலை மடித்து, இடது முழங்காலைக் குத்திட்டு, மோரை உள்ளங்கைக் குழியில் வாங்கி உறிஞ்சினார். அந்த இருப்பை விஜயம் எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று நினைவு வந்தபோது, பூட்டிக் கிடந்த மாமி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

தெருவில் எவன் செத்தான், எவள் பிழைத்தாள் என்று ஒருநாளும் கேட்டறியாத மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரத்தை விட்டு நகரவில்லை. எதிர்வீட்டு மாளவிகா புருஷனோடு பேசி மூன்று நாளாகிறது என்று விஜயத்துக்கு முன்னால் அவர் சொன்னார். விஜயத்துக்குப் பயத்தோடு கொஞ்சம் பொறாமையும் வந்தது. ஆனால் அவளை "விஜி" என்று கூப்பிடுவதை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார். இப்போதெல்லாம் "டீ விஜயம்" தான். குரல் அவருடையதுதான். இழுப்பு அவருடையது இல்லை.

அடுத்த ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சிரித்தாள். கொழுப்பு பெரும்பாலும் கரைந்திருந்தது. விஜயம் தயங்கித் தயங்கி, வயிற்றில் இருப்பது ஆளையே மாற்றுமா என்று கேட்டாள். குடலுக்கும் மூளைக்கும் கொஞ்சம் பேச்சுவார்த்தை உண்டுதான், ஆனால் ஆள் மாறுவது கதை என்றாள் டாக்டர். "பேடிக்கண்டா மாமி, பயமே வேண்டாம், இப்படியே நடக்கட்டே," என்றாள் பாதி மலையாளத்தில்.

இப்படியே நடப்பதுதான் விஜயத்துக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கல்சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்து, புளி போட்டுத் தேய்த்தாள். அன்றுமுதல் பாக்கெட் தயிர்.

கொஞ்ச நாளில் நீலகண்டன் மேஜைக்குத் திரும்பினார். ஜன்னலை மறந்தார். ஒரு மாலை, கையில் பொட்டலத்தோடு வந்து, "விஜி, சூடா இருக்கு, எடுத்துக்கோ" என்று நீட்டினார். விஜயம் அழுதேவிட்டாள். ஆனால் பொட்டலம் தினமும் வந்தது, அல்வாவும் வந்தது. கீரையைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். வயிறு மறுபடி முன்னால் நடந்தது. வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினார். அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், பொட்டலத்தை ஒளித்து வைத்தாள். அவர் சிரித்தார். அண்ணாவும் அப்படித்தான் சிரிப்பார்.

மாளவிகாவுக்கு முன்பு அந்தக் கல்சட்டித் தயிரிலிருந்து ஒரு கரண்டி உறைமோர் கொடுத்திருந்தது நினைவு வந்தது. கிண்ணத்தோடு எதிர்வீட்டுக்குப் போனாள். கூடத்தில் மாளவிகாவின் புருஷன் வினய் தரையில் வலது காலை மடித்து உட்கார்ந்து, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்நாளில் முதல்முறையாக விஜயம் ஒரு வீட்டில் எதையும் விசாரிக்காமல், வாங்கியதை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பினாள்.

பால் உறைந்தது. அவள் கையாலேயே பிசைந்து கொடுத்தாள். சில வாரங்கள் கழித்து ஒரு பகலில் நீலகண்டன் தட்டைத் தூக்கிக்கொண்டு தரைக்கு வந்தார். வலது கால் மடிந்தது. உள்ளங்கை குழிந்து நீண்டது.

விஜயம் மோரை ஊற்றவில்லை. எதிரே உட்கார்ந்து, அந்தக் கண்களை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"மாமி, இவர் ஆயுசோட இருக்கணும். அதுக்காக நீங்க இருந்துக்கோங்கோ, நான் ஒண்ணும் சொல்லலை. வாரத்துல ஒருநாள் மட்டும் அவரை எங்கிட்ட விட்டுடுங்கோ. போதும் ஆக்கும்."

நீட்டிய கை அசையவில்லை. நீலகண்டனின் உதடு மெல்ல ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது.

"பார்க்கலாம்டி விஜயம்," என்றது வாய். "முதல்ல கீரையைப் போடு."