மூழ்க மறுத்த ஆமை

"அப்பா, இடது பக்கம் ரெண்டு பேரும் சேர்ந்து வர்றாங்க. சீக்கிரம் வாங்கப்பா."

"வந்துட்டேன்டா கண்ணு."

எங்கே வருவது? வெல்டரின் கவசக் கப்பல் ஊர்ந்துகொண்டிருந்தது. 'ஆமை' என்று அதற்குப் பெயர் வைத்தவளே மகள்தான். பதினாறு வருடமாகக் கப்பல் கட்டும் தளத்தில் தகடு பற்றவைக்கிற மனுஷர், செல்போன் விளையாட்டிலும் தொழில் புத்தியை விடவில்லை. ஊரெல்லாம் பீரங்கி வாங்குகிற புள்ளிகளில் அவர் தகடாக வாங்கி அடுக்கினார். மேல்தளம், அடிவயிறு, பின்புறம்... ஓர் இடுக்கு பாக்கியில்லை.

"புகைபோக்கிக்குமாண்ணே தகடு அடிச்சீங்க?" என்று எட்டிப் பார்த்தான் வாயுச் சுடரால் தகடு வெட்டுகிற கேஸ் கட்டர். மொட்டை என்றால்தான் தளத்தில் ஆளைத் தெரியும். நாலு மணி ஷிஃப்டுக்காக இருவரும் உடை மாற்றும் அறையில் காத்திருந்தார்கள்.

"சும்மா இருடா. லைன்ல இருக்கா."

மகளுக்குப் பதினொரு வயது. விவாகரத்துக்குப் பிறகு அம்மாவோடு இருக்கிறாள். அப்பாவின் நம்பரை அம்மா பிளாக் செய்து ஒன்றரை வருடமாகிறது. அம்மாவுக்குத் தெரியாமல் இந்த விளையாட்டில் ஒரே அணியில் சேர்ந்து பேசிக்கொள்வதுதான் மிச்சம். இன்று நாலு மணிக்கு அவர்கள் வேறு ஊருக்குப் போகிறார்கள். அவள் விளையாடுகிற டேப்லெட் இனிச் சித்தி பையனுக்கு. இதுதான் கடைசி ஆட்டம்.

"புது வீட்டு அட்ரஸை அம்மா டைரியில பாத்துட்டேன்பா. எழுதிக்கிறீங்களா?"

வெல்டர் சாக்பீஸோடு பெஞ்சுக்குக் குனிந்தார்.

"கதவு நம்பர் நாப்பத்தி..."

டமார். திரையில் அவளுடைய சின்னப் படகு குப்புறக் கவிழ்ந்தது. குரல் அறுந்தது.

மூழ்கியவர் மிதப்பவரோடு பேச முடியாது. மூழ்கியவர்களுக்கென்று தனி அரட்டை அறை. அங்கேதான் காத்திருப்பாள். அவளுடையது சிறுவர் கணக்கு என்பதால் எழுத்துச் செய்தியும் போகாது. ஆட்டத்தை விட்டு வெளியேறினாலோ அந்த அறைக்கதவும் அடைபடும். வழி ஒன்றே ஒன்று. மூழ்க வேண்டும்.

மணி மூன்று நாற்பது.

எதிரிகள் இருவருக்கும் நடுவே போய் நின்றார். குண்டுகள் பாய்ந்தன. பட்ட வேகத்தில் தெறித்துக் கடலில் விழுந்தன.

"பாறையில மோதிப் பாருங்கண்ணே." மொட்டையின் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

மோதினார். கீறல்கூட விழவில்லை.

'தலைவரே, எதுல செஞ்சீங்க இந்தக் கப்பலை?' என்று எதிரி ஒருவன் எழுதினான்.

'என் பொண்ணுகிட்ட பேசணும். அவ மூழ்கிட்டா. என்னையும் மூழ்கடிச்சிடுங்க' என்று பதில் அடித்தார்.

நல்ல பிள்ளைகள். மறுகேள்வி கேட்காமல் ஆளுக்கொரு பக்கம் நின்று வெளுத்து வாங்கினார்கள்.

"எங்கேயாவது மெலிசா ஒரு இடம் விட்டிருப்பீங்களே?" என்றான் மொட்டை.

"விட்டதில்ல." வழக்கமாக மார்தட்டிச் சொல்கிற பதில். இன்று குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் சொன்னார்.

மூன்று ஐம்பத்தாறுக்கு எதிரிகளின் கடைசிக் குண்டும் தீர்ந்தது. குண்டு தீர்ந்த அணிக்குத் தோல்வி. திரை முழுக்கத் தங்க எழுத்தில் 'வெற்றி'. கீழே, மகளின் பெயருக்கு நேரே, சாம்பல் நிறத்தில்: 'வெளியேறினார், 3.54.'

"பதினாலு நிமிஷம் உக்காந்திருக்காடா" என்றார் வெல்டர்.

ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது. மொட்டை பற்றவைப்பு முகமூடியை எடுத்து நீட்டினான். தளம் இன்னும் நூறு அடி தள்ளி இருந்தது. வெல்டர் முகமூடியை அங்கேயே முகத்தில் இறக்கிக்கொண்டு நடந்தார்.