வளையும் குழாய்க்குள் ஒரு பச்சை ஒயர்

தன் லாண்டரியின் வயரிங் வேலையைத் தங்கையின் கணவருக்குக் கொடுத்தது அக்கா செய்த தப்பு. கையால் செய்ய வேண்டியதையும் வாயாலேயே முடித்துவிடும் மனிதர் அவர். வீட்டில் ஃபியூஸ் போனால் தங்கை பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவாள்.

புதிய சலவை மெஷினுக்கான ஒயர்களை மாப்பிள்ளை ஒரு வளையும் இரும்புக் குழாய்க்குள் விட்டிருந்தார். சுவர் சுவிட்ச் பெட்டியிலிருந்து மெஷின் வரை பன்னிரண்டு அடி. நடுவில் சுவரோடு பிடித்துவைக்க ஒரு கிளாம்ப் கூடக் கிடையாது. குழாய் துணி காயும் கொடிக்கயிறுபோல் தொங்கியது.

சோதனைக்கு வந்த மின்சார இன்ஸ்பெக்டர் பொறுமையாகவே சொன்னார். ஆறடிக்கு மேல் போனால் கசியும் கரண்டை மண்ணில் இறக்கும் எர்த்தாக இந்தக் குழாயை மட்டும் நம்பக் கூடாது, உள்ளே முழு நீளத்துக்கும் தனியாகப் பச்சை ஒயர் ஓட வேண்டும் என்றார். இரும்பில் கரண்ட் போகாதா என்று மாப்பிள்ளை கேட்டுவிட்டு, தானே சிரித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை மறுபடி வருவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா நினைத்துப் பார்த்தாள். அந்த மெஷின் முன்னால் காலை முதல் மாலை வரை இரண்டு பெண்கள் ஈரக் கையோடு நிற்கப் போகிறார்கள். உள்ளே ஒரு ஒயர் தோலுரிந்து மெஷினின் தகட்டைத் தொட்டால், கரண்டு இறங்க அவர்கள் உடம்புதான் வழி.

புதன்கிழமை மாப்பிள்ளை இஸ்திரி கலையாத சட்டையில் வந்தார். அக்கா ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது என்று கூப்பிட்டார். பெட்டிப் பக்கம் ஒரு பச்சை நுனி, மெஷின் பக்கம் ஒரு பச்சை நுனி, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு அடிக் குழாய்க்குள் ஒயர் இழுத்த மனிதருக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லையே என்றுதான் அக்கா யோசித்தாள். திருகாணியைத் தளர்த்தி, மெஷின் பக்கத்து நுனியைப் பிடித்து இழுத்தாள்.

ஒரு சாண் ஒயர் அவள் கையோடு வந்தது. அவ்வளவுதான்.

"பார்க்கறவங்களுக்கு அது போதும்க்கா. இன்ஸ்பெக்டர் என்ன, குழாயைக் கிழிச்சா பார்க்கப் போறாரு?"

அக்கா வாளித் தண்ணீரை அவர் பக்கம் தள்ளினாள்.

"கையை நனைச்சுட்டு மெஷின் மேல வைங்க மாப்பிள்ளை. நான் சுவிட்சைப் போடறேன்."

மாப்பிள்ளை தண்ணீரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"எதுக்குக்கா தேவையில்லாத வம்பு?"

"அந்தப் பொண்ணுங்க பேன்ட் போடறதில்லை. கையை விட்டுக்கப் பாக்கெட்டும் கிடையாது."

அவர் எதிரிலேயே அவள் வேறொரு வயர்மேனுக்குப் போன் செய்தாள். அடுத்து இன்ஸ்பெக்டரிடம், நாளைக்கு வர வேண்டாம், வேலை முடியவில்லை என்றாள். வெளி ஆள் வந்தால் குடும்ப மானம் என்ன ஆவது என்று மாப்பிள்ளை முனகியபடியே பையைத் தோளில் மாட்டினார். அக்காவின் காசில் வாங்கிய பச்சை ஒயர்ச் சுருள், இரண்டு சாண் மட்டும் குறைந்து, பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

"அதை இங்கேயே வச்சுட்டுப் போங்க," என்றாள் அக்கா.